நாற்பத்தேழு வினாடிகளில் முடித்த பாடம்

புதுக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை மாலை.

அன்புள்ள மாமாவுக்கு, ரஞ்சிதா எழுதிக்கொள்வது.

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பது தினமும் காலை ஆறு மணிக்கு நீங்கள் கொடுக்கும் மிஸ்டு கால் இன்றும் வந்ததிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு நிமிஷம் தாமதம். அந்த இரண்டு நிமிஷமும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. இனிமேல் தாமதம் செய்யாதீர்கள்.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் நான் உங்களுக்குக் காகிதத்தில் எழுதும் முதல் கடிதம் இது. கவரைப் பார்த்ததும் பயந்திருப்பீர்கள். நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ரூமில் இருக்கும் சேவுகன் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறார். முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்து மஸ்கட்டுக்கு அனுப்புகிறேன். அதுவரை விட்டு விட்டுத்தான் எழுதுவேன், கோர்வையாக இருக்காது.

வாட்ஸ்அப்பில் எழுதினால் ஆகாதா என்று கேட்பீர்கள். எனக்கு இப்போது ஃபோனைத் தொடவே பயமாக இருக்கிறது, மாமா. எதை எத்தனை மணிக்குத் தொட்டோம், எத்தனை வினாடி தொட்டோம் என்று எல்லாம் எங்கேயோ பதிவாகிக்கொண்டே இருக்கிறது. இதைச் சொல்வது யார் என்று பாருங்கள். கல்லூரி முழுக்க ஃபோனில் பாடம் நடத்தலாம் என்று சொல்லி நடத்தியும் காட்டிய மகராசி.

அந்தப் பாடங்களைப் பற்றி உங்களிடம் நான் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கும். எங்கள் கல்லூரியில் பி.எட். படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். பஸ்ஸிலேயே படிக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷம் என் குரலில் பாடம், அதன் பிறகு பத்துக் கேள்வி. திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குத் திறக்கும், புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பூட்டிக்கொள்ளும். முடித்தவர் பெயர் பச்சை, முடிக்காதவர் பெயர் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் பள்ளிக்கூடத்துக்கு டீச்சிங் பிராக்டிஸ் போக முடியாது, ஒரு வருஷம் வீண். அந்தப் பூட்டையும் இந்தச் சட்டத்தையும் யோசித்துச் சொன்னதும் நான்தான். பிரின்சிபால் எழிலரசன் சாருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. யார் வந்தாலும் அந்தப் பச்சைப் பட்டியலைத்தான் முதலில் காட்டுவார்.

அதில் ஒரு பாடம், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது. சிலபஸில் அப்படி ஒன்று தனியாகக் கிடையாது. நானாகச் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும், கல்லூரியில் யாருக்கும் தெரியாது.

இனிமேல் எழுதப் போவதைப் பொறுமையாகப் படியுங்கள்.

சத்யா என்று ஒரு மாணவி. கட்டுமாவடிப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டுக்கு ஒரே ஒரு டச் ஃபோன், அதுவும் அப்பாவோடு படகில் போய்விடும். கடலில் வழி பார்க்க அது வேண்டும். அவர் கரைக்கு வந்து ஃபோன் இவள் கைக்கு வருவதற்குள் சில வாரம் பாடம் பூட்டிக்கொள்ளும். இரண்டு சிவப்பு விழுந்தாயிற்று. மூன்றாவது விழப் போகிற நாளில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. “மேடம், கடலு ஆறு மணிக்குள்ள வரச் சொன்னா கேக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

என்னுடைய சட்டம் எவ்வளவு மடத்தனமானது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதை மாற்றியிருக்கலாம். பிரின்சிபாலிடம் போய்த் தப்பாக யோசித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வாய் வரவில்லை, என் பெருமை விடவில்லை. அவளுடைய நம்பரையும் பாஸ்வேர்டையும் வாங்கி, என் ஃபோனில் அவள் பெயரில் நுழைந்து, நானே பத்துக் கேள்விக்கும் பதில் போட்டேன். பெயர் பச்சையானது. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளை உட்கார வைத்து அதே பாடத்தை வாயால் சொல்லிக் கொடுத்தேன். நல்ல பிடிப்பு அவளுக்கு, ஒரு தடவை சொன்னால் போதும். இப்படி மூன்று பாடம் முடித்தோம். பாடம் மண்டைக்குள் போனால் சரிதானே, எந்த வழியாகப் போனால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது பாடம்தான் வலிப்பு. அந்தப் புதன்கிழமைதான் கொடும்பாளூரில் உங்கள் பெரியம்மா பேத்திக்குக் காது குத்து. திரும்பி வரும் பஸ்ஸில் நெரிசல், நின்றுகொண்டே வந்தேன். மணி ஐந்து ஐம்பத்தாறு ஆகும்போதுதான் சத்யா ஞாபகம் வந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஃபோனை எடுத்து, பாடத்தைத் தள்ளிவிட்டுக் கேள்விக்குப் போய்ப் பத்தையும் தட்டினேன். நான் எழுதிய கேள்விகள்தானே. பத்துக்குப் பத்து.

மறுநாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சிங் பிராக்டிஸ் என்று உத்தரவு வந்து நேராக அங்கே போய்விட்டாள். அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்ல நான் மறந்தே போனேன், மாமா. எழுதும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது, மறந்தேன் என்று.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சுடர்விழி என்ற பெண்ணுக்கு வலிப்பு வந்திருக்கிறது. வகுப்பில் சத்யா மட்டும்தான். மேஜை மேல் இருந்த வகுப்பு டீச்சரின் ஸ்கூட்டி சாவிக்கொத்தை எடுத்து அந்தப் பிள்ளை கையில் திணித்திருக்கிறாள். வெட்டு நிற்பதற்குள் பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. பிள்ளையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நாளாக மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால் அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

நம் பாப்பா வயதுதான் அந்தப் பிள்ளைக்கு.

கை வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை.

இன்றைக்குக் காலை மிஸ்டு கால் சரியாக ஆறு மணிக்கு வந்தது. சந்தோஷம்.

வீட்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்து முருங்கை காற்றில் ஒடிந்து விழுந்துவிட்டது. கேஸ் நேற்று வந்தது. பாப்பா உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். அதில் இருப்பது ஒட்டகம், மாடு என்று சொல்லிவிடாதீர்கள், போன தடவை இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

காலையில் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கல்வி அலுவலகத்தில் விசாரணை. சத்யாவையும் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எழிலரசன் சார் என்னிடம், “பாத்தீங்களாம்மா, நாம சொல்லிக் குடுத்துட்டோம், அந்தப் புள்ள பத்துக்குப் பத்து வாங்கியிருக்கு. தெரிஞ்சும் செய்யலன்னா அது காலேஜ் தப்பு கிடையாது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் பயந்துதான் பேசுகிறார்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். இந்த மாணவி இந்தப் பாடத்தை முழுமையாகக் கற்று, தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுள்ளார் என்று அச்சடித்திருந்தது. கீழே பாடப் பொறுப்பாளர் கையெழுத்து. அது நான்தான். படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கைப்பையில் வைத்தேன். ஒரு வாக்கியத்தைப் படிக்க எத்தனை நாள் வேண்டும் என்பதுபோல அவர் பார்த்தார்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பதிவைத் திறந்து பார்த்தேன். சத்யா பெயர், நேரம் ஐந்து ஐம்பத்தாறு. பாடம் பார்த்த நேரம் பூஜ்யம். கேள்விக்கு எடுத்துக்கொண்ட நேரம் நாற்பத்தேழு வினாடி. இதுவரை யாரும் அந்தப் பத்தியைப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் பச்சைதான் கண்ணில் படுகிறது. ஆனால் திங்கட்கிழமை பதிவை எடுத்துக் கொடுக்க, ஃபோன் பாடத்துக்கு ஆப் செய்து கொடுத்த கம்பெனியின் ஆள் வருகிறாராம். அவர் பார்ப்பாரா, பார்த்தாலும் யாருடைய ஃபோன் என்று கேட்பாரா, எனக்குத் தெரியாது. சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை.

மத்தியானம் சத்யா வந்தாள். கட்டுமாவடியிலிருந்து அவ்வளவு தூரம் பஸ் ஏறி என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். ஏன் சாவியைக் கொடுத்தாய், ஏன் தண்ணீர் ஊற்றினாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். “எங்க ஊர்ல போட்டுல யாருக்காச்சும் இழுப்பு வந்தா நங்கூரத்தத்தான் புடிக்கச் சொல்லுவாங்க மேடம், தண்ணி தெளிச்சு குடிக்கக் குடுப்பாங்க, சின்னதுலேருந்து அதத்தான் பாத்திருக்கேன்” என்றாள். அவளுக்கு வேறென்ன தெரியும். வேறு சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான்.

அதற்கு அடுத்து அவள் சொன்னதுதான் என்னை உட்கார விடவில்லை. “நீங்க ஒண்ணும் பேசாதீங்க மேடம். பாடத்த நாந்தான் படிச்சேன், பதட்டத்துல மறந்துட்டேன்னு சொல்லிடுறேன். எனக்காகத்தான நீங்க செஞ்சீங்க. எனக்கு டீச்சர் வேல இல்லன்னா மீன் வலை இருக்கு, ஒங்களுக்கு என்ன இருக்கு?” என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பியதும் அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்படித்தான் இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண் தன் கழுத்தை நீட்டுகிறாள், எனக்கு மூச்சு சீராக வருகிறது. வீட்டுக்கு வந்து பாப்பா ஹோம்வொர்க் நோட்டை நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை.

மிஸ்டு கால் வந்தது. சேவுகன் அண்ணன் சாயங்காலம் வந்து கவரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் முடிக்க வேண்டும்.

தஞ்சாவூரில் சுடர்விழிக்கு நேற்று ராத்திரி குழாயை எடுத்துவிட்டார்கள். கண் திறந்திருக்கிறாள். ஆனால் அவளுடைய அம்மா கூப்பிட்டால் வேறு பக்கம் பார்க்கிறாளாம். ஜுரம் விடவில்லை. இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். அந்தப் பள்ளி டீச்சர் ஒருவர் மூலமாக எனக்குச் செய்தி வருகிறது. நாமக்கல் ஆஞ்சநேயர், சமயபுரத்தாள், ஒருவரையும் விடவில்லை, எல்லோருக்கும் நேர்ந்திருக்கிறேன்.

நாம் இதுவரை பேசாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். கல்யாணமான மூன்றாம் மாதம், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நீங்கள் விழுந்தீர்களே. உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. பூக்கடைக்காரர் பூட்டோடு சாவியைக் கொண்டுவந்து உங்கள் கையில் வைத்து அழுத்தினார். சோடாவை வாங்கி உங்கள் வாயில் ஊற்றியது நான். உங்கள் முகம் நீலமாகப் போனதை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் கண் விழித்து ஏன் அழுகிறாய் என்று கேட்டீர்கள், பயந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். சோடாவைப் பற்றிச் சொல்லவில்லை. பதின்மூன்று வருஷமாகச் சொல்லவில்லை.

அதனால்தான் அந்தப் பாடத்தைச் செய்தேன். கையில் எதையும் கொடுக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று என் குரலிலேயே பேசிப் பதிவு செய்தேன். எண்பது பிள்ளைகள் கேட்டார்கள். கேட்டே ஆக வேண்டிய ஒருத்தியை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். என் வேலை போகும். இன்னொரு கல்லூரியும் எடுக்காது. வைகாசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்கள், என் வேலையை நம்பித்தானே சொன்னீர்கள். அது போனால் நீங்கள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு மெடிக்கல். போன மெடிக்கலை எப்படித் தாண்டினீர்கள் என்பது நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும். வைட்டமின் டப்பாவில் மாத்திரையைப் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு ரூமில் ஆறு பேரோடு இருந்துகொண்டு, ஒருவருக்கும் தெரியாமல் இன்னும் இரண்டு வருஷம். நான் வாயைத் திறந்தால் உங்களை அங்கேயே தள்ளுகிறேன். மூடிக்கொண்டால் சத்யாவைத் தள்ளுகிறேன். நேற்று முழுக்க இதையே மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம்.

சேவுகன் அண்ணன் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடைசிப் பக்கத்தை அவரைக் காக்க வைத்து எழுதுகிறேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்கள் வலிப்பைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். கம்பெனிக்குப் போகாது, ரூமை விட்டு வெளியே போகாது என்று பாப்பா தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். கோபம் வரும், வரட்டும். நீங்கள் அந்தக் கட்டிலில் விழுந்து, அன்பு மிகுதியில் ஒருவர் உங்கள் வாயில் தண்ணீர் ஊற்றுவதை இந்த வாரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனிமேல் என்னால் முடியாது.

பாப்பாவைத் தரையில் படுக்கச் சொல்லி அவருக்குச் செய்து காட்டினேன். முதல் தடவை அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் சாவியைத் தேடிப் போனது. “அதில்ல மாமா, அதில்ல” என்று பாப்பா படுத்துக்கொண்டே சிரித்தாள். இரண்டாம் தடவை தோளைப் பிடித்துத் திருப்பினார், தலைக்குத் துண்டு வைக்க மறந்தார். மூன்றாம் தடவை எல்லாம் சரியாகச் செய்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார். அவருக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அவர் எடுத்துக்கொண்ட நேரம் முக்கால் மணி.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. அச்சடித்த வாக்கியத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்தப் பாடத்தை முடித்தது சத்யா அல்ல, ரஞ்சிதா ஆனந்தராஜ் என்று எழுதியிருக்கிறேன். நேரத்தையும் எழுதியிருக்கிறேன். கைப்பையில் இருக்கிறது. எழுதிவிட்டால் தைரியம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, எழுதியதோடு சரி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது சனிக்கிழமை ஆகிவிடும். படித்ததும் ஃபோனை எடுப்பீர்கள். எடுக்காதீர்கள், மாமா. வேண்டாம் ரஞ்சி, பேசாமல் இரு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். உங்கள் குரலைக் கேட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை பதினோரு மணி தாண்டும் வரை என்னோடு பேசாதீர்கள்.

காலை மிஸ்டு காலை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று, திங்கட்கிழமை ஒன்று. நான் எடுக்க மாட்டேன். ஒரு ரிங் போதும். திங்கட்கிழமை அந்த ஒரு ரிங் வந்துவிட்டால் நான் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள்
ரஞ்சிதா